எழில்மொழியின் தீர்மான நோட்டு

எழில்மொழிக்குக் கையெழுத்து அழகு. வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான் என்று இப்போது அவளே சொல்கிறாள். படிக்கிற காலத்தில் கரும்பலகையில் தேதி எழுதுகிற வேலை அவளுக்கு. கல்யாணமான பிறகு தெருவில் அத்தனை வீட்டுக்கும் மனு எழுதுகிற வேலை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்த பிறகு அங்கே பதிவேடு. எழுது எழுது என்று ஊர் அவளை விட்டபாடில்லை. ஐம்பத்திரண்டு வயதாகிறது. பகலெல்லாம் சத்துணவுக்கூடத்து அடுப்படியில் நின்று, சாயங்காலம் வயலைச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் முட்டி கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். அப்போதும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள்.

ஊர் கண்டியன்சேரி. நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வருகிற ஒரு வாய்க்கால்தான் ஊருக்குச் சோறு போடுகிறது. வாய்க்கால் தொடங்குகிற பக்கம் தலைமடை, நடுவில் நடுமடை, போய் முடிகிற இடம் கடைமடை. எழில்மொழிக்குக் கடைமடையில் மூன்று மா இருக்கிறது, அதாவது ஒரு ஏக்கர். அவள் அப்பா ஊரார் வயலிலெல்லாம் நாற்றுக்கட்டு சுமந்துவிட்டு, கடைசிக் காலத்தில் தனக்கென்று வாங்கிய நிலம். அதை ஒட்டினாற்போல அம்சத்தின் நிலம். அம்சம் பத்து வயது மூத்தவள், உறவு கிடையாது, ஆனாலும் அக்கா. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு.

இந்த வாய்க்காலுக்கு ஒரு பாசன சங்கம் உண்டு. தலைவர் பதவி ஒரு வருஷம்தான். தலைமடை, நடுமடை, கடைமடை என்று சுற்றி வரும். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூடி, யார் என்று பேசி முடிப்பார்கள். பேசி முடிப்பார்கள் என்பதை நாகரிகத்துக்காகச் சொல்கிறேன், கத்தித் தீர்ப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள், நாற்காலி சாயும், "நீ என்ன பெரிய இவனா?" என்பது வரைக்கும் போகும். கடைசியில் கை தூக்கி எண்ணி முடித்து, தோற்றவர்களும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லாருமாக டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்.

அந்த நோட்டில்தான் இருக்கிறது சங்கதி. வெளியில் என்ன சண்டை நடந்தாலும் நோட்டில் சண்டை ஏறக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஒரு காலத்தில் எவரோ ஒரு புண்ணியவான் எதிர்த்தவர்களைப் பெயர் பெயராக எழுதி வைக்க, அந்தக் காகிதம் கோர்ட்டு வரைக்கும் போய், அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் பதினோரு வருஷம் பேச்சில்லாமல் கிடந்தது. ஒரு வீட்டுச் சாவுக்கு இன்னொரு வீட்டார் வரவில்லை. அதோடு ஊர் ஒரு முடிவு கட்டியது. எத்தனை பேர் எதிர்த்தாலும் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றே எழுத வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குற்றம் சொல்ல முடியாது. பதினைந்து வருஷமாக எழில்மொழி அதை அச்சடித்தது போல எழுதி வந்தாள்.

இனி நெடுஞ்செழியன். நடுமடைக்காரர், நீடாமங்கலத்தில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். அவரைக் கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடிந்தால் இந்தக் கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டு நானும் போய் வேலையைப் பார்ப்பேன். அவர் முறை வந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. மனிதர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி முறைத் தண்ணீர் வாங்கி வந்தார். ஆயில் இன்ஜின் பிடித்து, பள்ளத்தில் தேங்கி நின்றதையெல்லாம் இறைத்துக் கடைமடை வரைக்கும் விட்டார். பக்கத்து ஊர்களில் பயிரை மாட்டுக்கு அறுத்தபோது கண்டியன்சேரி நெல் அறுத்தது. அதே வருஷம் எழில்மொழியின் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தவரும் அவர்தான். இதையெல்லாம் மறந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்குமா?

அடுத்த தை வந்தது. முறைப்படி கடைமடைக்குப் போக வேண்டிய பதவி. அம்சம்தான் என்று கடைமடையில் பேசி வைத்திருந்தார்கள். நெடுஞ்செழியன் எழுந்து கும்பிட்டார்.

"ஒரே ஒரு வருஷம் குடுங்க. மதகுக்குப் புது ஷட்டர் வேலை பாதியில நிக்கிது. நடுவுல ஆளு மாறினா ஆபீஸ்ல கைய விரிச்சிடுவான். வேலை முடிஞ்ச மறுநாளே அக்கா கையில ஒப்படைச்சிட்டுப் போயிடுறேன்."

"ஷட்டரு கட்டுங்க தம்பி, யாரு வேணாங்கிறா?" என்றாள் அம்சம். "தலைவரா இருந்தாத்தான் கட்ட வருமா? எங்க மொறைய எங்களுக்குக் குடுத்துட்டு அப்புறம் கட்டுங்க."

ஐந்து பேர் கை தூக்கவில்லை. மற்ற எல்லாரும் தூக்கினார்கள். எழில்மொழியும் தூக்கினாள், ஒரு வருஷம்தானே என்று நினைத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போன காரையும் நினைத்தாள். அம்சம் தொண்டை கட்டுகிறவரை கத்திவிட்டு, வழக்கப்படி கையெழுத்துப் போட்டு, வழக்கப்படி டீயும் குடித்தாள். நோட்டில் ஏகமனதாக என்று ஏறியது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் எழில்மொழிக்குக் கோவையாகச் சொல்ல வராது. ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது. ஷட்டர் முடிந்தது, கரை வேலை வந்தது. கரை முடிந்தது, தூர் வாருவது வந்தது. எப்போதும் ஏதோ ஒன்று பாதியில் நின்றது. கமிட்டியில் ஒன்பது பேர் இருக்க வேண்டும். மூன்று பேர் கூட வருவதில்லை. நடவு, களை, கல்யாணம், காதுகுத்து என்று ஆளுக்கொரு சோலி. "வராதவங்களுக்காக எதுக்கு நாற்காலி? அஞ்சு பேர் போதும்" என்றார் நெடுஞ்செழியன். நியாயமாகத்தான் பட்டது. அந்த ஐந்து பேரையும் அவரே சொன்னார். வேண்டாம் என்று சொல்லவும் அன்றைக்குக் கூட்டத்தில் ஆள் இல்லை.

தண்ணீர் திறந்து விடுகிற ரெத்தினத்துக்கு முன்பெல்லாம் அறுவடையில் ஊரே ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் அளக்கும். அதனால் அவர் ஊருக்குப் பதில் சொல்வார். இப்போது அவருக்கு மாதச் சம்பளம், சிமெண்டுக் கடையிலிருந்து. வாட்ஸ்அப் குரூப்பில் கடைமடைக்காரர் ஒருவர் காய்ந்த வாய்க்காலை வீடியோ எடுத்துப் போட, அதில் சண்டை முற்ற, ஊர் நிம்மதிக்காக அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றி வைத்தார் தலைவர். உள்ளதைச் சொன்னால் எழில்மொழிக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. போன் ஓயாமல் கத்திக்கொண்டே கிடந்தது, பாவம் அவளும் மனுஷிதானே.

பிறகு கூட்டமே எதற்கு என்றானது. ரெத்தினம் டூவீலரில் நோட்டைக் கொண்டுபோய் வயலிலும் வாசலிலும் கையெழுத்து வாங்கி வந்தார். மறுக்க நினைத்தவர்களும் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார்கள், மதகு ரெத்தினம் கையில் இருக்கிறதே. அப்படி ஒரு நாள் சத்துணவுக்கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது எழுதிய தீர்மானம் மட்டும் எழில்மொழிக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. அடுத்த தலைவர் வரும்வரை இப்போதைய தலைவரே தொடர்வார். அடுத்த தலைவர் பெயரை முன்மொழியும் உரிமை தலைவருக்கே உண்டு. கடைமடையின் நான்கு நாள் தண்ணீர் முறை தற்காலிகமாக இரண்டு நாளாகக் குறைக்கப்படுகிறது. மிச்ச இரண்டு நாள் யாருக்கு என்பது தீர்மானத்தில் இல்லை. நடுமடையில் தலைவரின் மச்சினன் புதிதாகப் பத்து ஏக்கர் வாங்கியிருந்தது ஊருக்கே தெரியும். பேனா ஒரு கணம் நின்றது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள், சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டு, போய் அடுப்பைத் தணித்தாள்.

போன வருஷம் மார்கழியில் மழை பொய்த்துவிட்டது. பயிர் தொண்டைக்கதிராக, வெளியே வரலாமா வேண்டாமா என்று நின்ற நேரம். அந்தச் சமயத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் நெல் பதராகிவிடும், அவ்வளவுதான். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவே ஒன்றரை நாள் ஆகிறது. மீதி அரை நாளில் எத்தனை வயல் நனையும்? அம்சம் வரப்பில் நின்று ஒரு கதிரைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "வாடி, ஆபீஸுக்குப் போவோம்" என்றாள்.

எழில்மொழி மனு எழுதினாள். கடைமடையில் இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நீடாமங்கலத்துப் பாசன ஆபீஸில் அனுராதா என்று ஒரு இளம் இன்ஜினியர். நல்ல பெண், இரண்டு பேரையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, மனுவை முழுசாகப் படித்தாள். பிறகு பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தாள்.

"உங்க சங்கத்துத் தீர்மானம் எல்லாம் வருஷா வருஷம் இங்க காப்பி வருதும்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட எதிர்த்ததா இல்லையே. முறையைக் குறைச்சதும் ஏகமனதாதான் இருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கு, பாருங்க."

"எதிர்த்தோமே மேடம்!" அம்சத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பள்ளிக்கூடம் இடிஞ்சு விழுற மாதிரி கத்தினோமே!"

"இருக்கலாம்மா. காகிதத்துல இல்லையே. நான் எதை வச்சு மேல எழுதறது?" என்ற அனுராதா, மனுவையும் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே எழுத்தா இருக்கே. யாரு எழுதறது இது?"

"நான்தாங்க" என்றாள் எழில்மொழி.

திரும்பி வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போலப் பூட்டிக் கிடந்தது. பஸ் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது.

"நான் போட்ட சத்தத்தையெல்லாம் எங்கடி வச்சிருக்க எழிலு?" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள் அம்சம்.

எழில்மொழிக்கு அழுகை வந்தது, பஸ்ஸில் அழ வெட்கமாக இருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தையில், ஆபீஸில் ஏதோ கேள்வி வந்ததாலோ என்னவோ, நெடுஞ்செழியன் பள்ளிக்கூடத்திலேயே கூட்டம் போட்டார். எழில்மொழி அதற்கு முன்னால் மனுவில் கையெழுத்துப் போட்ட இருபத்தேழு வீட்டுக்கும் நடந்தாள். "எதிர்ப்புன்னு பேரை எழுதப்போறேன். உங்க பேரையும் போடட்டுமா?" என்று கேட்டாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றார் ஒருவர். ரெத்தினம் மதகை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். "நோட்டுலயா? அது நம்ம வழக்கமில்லையே எழிலு" என்று உண்மையாகவே பதறினார்கள் சிலர். யாரையும் கோபித்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. அவர்கள் சொன்னதையெல்லாம் அவளும் ஒரு காலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான்.

கூட்டத்தில் அம்சம் ஒருத்திதான் எழுந்து நின்றாள். தலைவர் தொடர்வது, முறை இரண்டு நாளாகவே இருப்பது, இரண்டுக்கும் கை தூக்கியாயிற்று. எழில்மொழி எழுதினாள். ஏகமனதாக என்று எழுதிப் பழகிய கையில் எழுத்து கோணலாக வந்தது. எழுதி முடித்து எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள்.

"எதிர்ப்பு: இருவர். அம்சம், எழில்மொழி."

இரண்டு பிடி பிடிப்பார், குறைந்தது நோட்டையாவது பிடுங்குவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். நெடுஞ்செழியன் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சிரித்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி, இருக்கட்டும். இது என்ன சர்வாதிகார நாடா? நல்லா எழுதுங்க."

அந்த வருஷம் கடைமடை பதராகத்தான் போனது. அம்சமும் எழில்மொழியும் வைக்கோலுக்கு அறுத்தார்கள். மூன்று மா பயிரும் போனாலும், எழில்மொழிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன தெம்பு இருந்தது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறாள். அடுத்த தடவை நான்கு பேராவது வருவார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். வெற்றிசெல்வன் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் சிறந்த பாசன சங்கத்தைத் தேர்ந்தெடுக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. நெடுஞ்செழியன் ஆள் அனுப்பி அம்சத்தையும் எழில்மொழியையும் மரியாதையாக வரவழைத்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார். நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்து வந்தவர்கள் முன்னால் நீட்டினார்.

"பாருங்க சார். எங்க சங்கத்துல எதிர்ப்பையும் எழுதி வைப்போம். எதிர்த்தவங்க இதோ உட்கார்ந்திருக்காங்க. அதுல ஒருத்தர்தான் நோட்டே எழுதறாங்க. நான் ஆளை மாத்தினேனா? கேளுங்க."

வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். இப்படித்தான் இருக்க வேண்டும் ஜனநாயகம் என்றார். அம்சம் எழுந்து, "தண்ணி வரலைங்க சார், பயிரெல்லாம் பதராப் போச்சு" என்று ஆரம்பித்தாள். "மனுவா எழுதிக் குடுங்கம்மா, பார்க்கிறோம்" என்றார் அவர், அக்கறையாகத்தான். ஆளுக்கொரு சால்வை போர்த்தி போட்டோ எடுத்தார்கள். சங்கத்துக்கு விருது கிடைத்தது. அம்சம் அந்தச் சால்வையை வீட்டுக்குக் கொண்டுபோய், புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிக்குப் போர்த்தினாள். "அதுக்காவது குளிரு விடட்டும்" என்றாள்.

இந்தத் தை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பகல் ரெத்தினம் டூவீலரைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு, நோட்டோடு சத்துணவுக்கூடத்துக்கு வந்தார். நோட்டுக்குள் டைப் அடித்த ஒரு தாள் இருந்தது.

"இதைப் பார்த்து நோட்டுல எழுதிடச் சொன்னாரு அண்ணன். உங்க எழுத்துல இருந்தாத்தான் ஆபீஸ்ல மதிப்புங்கிறாரு."

எழில்மொழி வாங்கிப் படித்தாள். தலைவர் தொடர்கிறார். கடைமடையின் இரண்டு நாள் முறை நிரந்தரமாக்கப்படுகிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. எதிர்ப்பு: இருவர். அம்சம், எழில்மொழி.

"கூட்டம் ஞாயித்துக்கிழமைதானே?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. இன்னிக்கே எழுதி வச்சிடச் சொன்னாரு. அன்னிக்கு அவசரத்துல உங்க ரெண்டு பேரு பேரும் விட்டுப்போயிடக் கூடாதாம்." ரெத்தினம் கேலி எதுவும் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னார். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எழில்மொழி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்சத்துக்குப் போன் போட்டாள். தாளை அப்படியே படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

"எழுதலேன்னா என்னாவும்?" என்றாள் அம்சம்.

"எழுதலேன்னா பழையபடி ஏகமனதாதான் அக்கா. வேற யாராச்சும் எழுதுவாங்க."

"எழுதினா?"

"எழுதினா அவருக்கு இன்னொரு விருது."

அம்சம் பெருமூச்சு விட்டாள். அறுபத்திரண்டு வருஷத்து மூச்சு. "என்னமோ போ" என்றாள். "ஞாயித்துக்கிழமை நான் வந்து கத்தத்தான் போறேன். கத்தினது எங்கயாச்சும் இருக்கட்டும். எழுது."

எழில்மொழி மசாலா டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, மேடைமேல் நோட்டை விரித்து எழுத ஆரம்பித்தாள். எழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி வந்தது. கடைசி வரியில் தன் பெயரை எழுதி முடித்து, மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு, சாம்பாரை இறக்கப் போனாள். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.